செபமாலையும் ஒன்பது பிள்ளைகளும்

1995-ஆம் ஆண்டு ஜனவரி 24. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நார்த் எண்ட் பகுதியில் இருக்கும் புனித ஸ்டீபன் ஆலயத்தில் ஓர் அடக்கத் திருப்பலி நடந்தது. சவப்பெட்டிக்குள் இருந்தவருக்கு வயது 104. அதே ஆலயத்தில்தான் 1890-ல் கைக்குழந்தையாக அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். ஒரு நூற்றாண்டைத் தாண்டி வாழ்ந்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து விடைபெற்றார் ரோஸ் கென்னடி.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் எஃப். கென்னடியின் தாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று கோயிலில் கூடியிருந்த குடும்பத்துக்கு அவர் அம்மா, மாமியார், பாட்டி. கடிதம் எழுதினால் அதிலுள்ள இலக்கணப் பிழையைத் திருத்திப் பதில் அனுப்புகிறவர். கையிலிருந்து செபமாலை நழுவாதவர். கடைசி மகன் எட்வர்ட்தான் இரங்கல் உரை ஆற்றினார். நான்கு ஆண்பிள்ளைகள் பிறந்த வீட்டில், அன்று அம்மாவை அடக்கம் செய்ய மிஞ்சியிருந்த ஒரே மகன் அவர். மற்ற மூன்று மகன்களையும் அந்தத் தாய் தனக்கு முன்பே பறிகொடுத்திருந்தார்.

இறந்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். பதினாறாம் நாள் முடிவதற்குள் அம்மா தெய்வமாகி, மாலை போட்ட படமாகச் சுவரில் ஏறிவிடுவார். ரோஸ் கென்னடியையும் அப்படி ஏற்றியவர்கள் உண்டு. ஆனால் அவருடைய கதையை முழுக்கச் சொன்னால்தான் அவருடைய பக்தி எதைத் தாங்கியது, எதைத் தாங்க முடியாமல் தவித்தது என்பது புரியும்.

மேயர் வீட்டுப் பெண்

ரோஸின் அப்பா ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாஸ்டன் நகர மேயர். பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் வாரிசு. மேடையேறினால் பாட்டுப் பாடியே ஓட்டு வாங்கிவிடும் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. மகளும் படிப்பில் கெட்டி. பாஸ்டனை அடுத்த வெல்லஸ்லி மகளிர் கல்லூரியில் சேர வேண்டும் என்பது ரோஸின் ஆசை. அப்பா தடுத்துவிட்டார். கத்தோலிக்கத் தலைவரின் மகள் கத்தோலிக்கப் பள்ளியில்தானே படிக்க வேண்டும்? திரு இருதயக் கன்னியர் நடத்திய மடங்களுக்கு ரோஸ் அனுப்பப்பட்டார். ஒரு வருடம் நெதர்லாந்தில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஒரு மடத்துப் பள்ளியில் இருந்தார். காலையில் எழுந்ததும் திருப்பலி, நாள் முழுக்க நேரக் கட்டுப்பாடு, அமைதி, தியானம். அங்கே பழகிய ஒழுங்கு 100 வயது வரை அவரை விடவில்லை. வெல்லஸ்லிக்குப் போகாத வருத்தமும் விடவில்லை. முதுமையிலும் அதை வாழ்வின் பெரிய ஏமாற்றமாகச் சொல்லியிருக்கிறார்.

1914 அக்டோபரில், கர்தினால் ஓ'கானலின் சொந்தச் சிற்றாலயத்தில் ஜோசப் கென்னடியைக் கைப்பிடித்தார். வங்கி, பங்குச் சந்தை, சினிமா என்று தொட்டதெல்லாம் பணமாகிற மனிதர் ஜோசப். வீட்டில் தங்குவதுதான் அபூர்வம். 1920-ன் தொடக்கத்தில், மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, நான்காவதை வயிற்றில் சுமந்தபடி, ரோஸ் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று வாரம் போல அங்கே இருந்தார். பிறகு அப்பா சொன்னது உலகத்து அப்பாக்கள் பலரும் சொன்னதுதான்: உன் இடம் உன் புருஷன் வீடு, திரும்பிப் போ. ரோஸ் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் திரும்பி வரவே இல்லை. கணவருக்கும் ஹாலிவுட் நடிகை குளோரியா ஸ்வான்சனுக்கும் இருந்த தொடர்பு ஊர்ப் பேச்சானது. பல வருடம் கழித்து அந்த நடிகையே சுயசரிதையில் எழுதினார். ரோஸ் வெளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பொறுமை என்று சிலர் சொன்னார்கள், பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். விவாகரத்துக்கு இடம் தராத மதத்தில், தினமும் காலையில் திருப்பலிக்குப் போவதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே தனிமை என்றும் சொல்லலாம்.

பெட்டி நிறைய அட்டைகள்

1915-க்கும் 1932-க்கும் இடையில் ஒன்பது பிள்ளைகள். ஜோசப், ஜான், ரோஸ்மேரி, கேத்லீன், யூனிஸ், பாட்ரீசியா, ராபர்ட், ஜீன், எட்வர்ட். யாருக்கு எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, யாருக்கு அம்மை வந்து போனது என்று எப்படி நினைவு வைத்துக்கொள்வது? ரோஸ் ஒரு பெட்டி வாங்கினார். பிள்ளைக்கு ஓர் அட்டை. பிறந்த தேதி, ஞானஸ்நானம் நடந்த கோயில், ஞானப் பெற்றோர் பெயர், புதுநன்மை வாங்கிய நாள், உடம்புக்கு வந்த நோய்கள் எல்லாம் அதில் ஏறும். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜானின் அட்டையில் கக்குவான் இருமல், தட்டம்மை, சின்னம்மை, ஸ்கார்லெட் காய்ச்சல் என்று நோய்ப் பட்டியல் நீளும்.

சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அன்றைய பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து அதில் குத்தி வைப்பார். சாப்பிட வருவதற்குள் பிள்ளைகள் அதைப் படித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்ற கேள்வி வரும். கோயிலில் தூங்கியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 1939-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் முடிசூட்டிக்கொண்ட விழாவுக்குக் குடும்பத்தோடு ரோம் போனபோது, ஏழு வயது எட்வர்ட் அந்தப் புதிய போப்பின் கையாலேயே புதுநன்மை பெற்றான். ரோஸுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு இருந்திருக்காது.

அவர் அடுக்களையிலேயே கிடந்த அம்மா அல்ல. வீட்டில் தாதிகள் இருந்தார்கள், சமையலாட்கள் இருந்தார்கள். அடிக்கடி வெளியூர், வெளிநாடு என்று கிளம்பிவிடுவார். 1923-ல் அப்படி ஒரு பயணத்துக்குத் தயாரானபோது, ஆறு வயது நிரம்பாத ஜான், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அம்மாவைக் குத்திக் காட்டிப் பேசினான். அதை ரோஸ் மறைக்கவில்லை. தன் நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பேசப்படாத மகள்

அட்டைப் பெட்டியில் மூன்றாவது அட்டை ரோஸ்மேரியுடையது. 1918-ல் பிறந்த மூத்த மகள். மற்ற பிள்ளைகளைப் போல அவளுக்கு எழுத்தும் கணக்கும் சுலபமாக வரவில்லை. அறிவு வளர்ச்சி பின்தங்கிய குழந்தை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளையை விடுதியில் தள்ளிவிட்டு மறந்துவிடுவதுதான் பணக்கார வீடுகளின் வழக்கம். ரோஸ் அவளை வீட்டிலேயே வைத்து வளர்த்தார். தனி ஆசிரியர்கள், தனிப் பள்ளிகள், கூட உட்கார்ந்து டென்னிஸ், நடனப் பயிற்சி என்று அவளுக்காகச் செலவிட்ட நேரம் அதிகம். அப்பா பிரிட்டனுக்கு அமெரிக்கத் தூதராக இருந்த 1938-ல், அழகான கவுன் அணிந்து அரண்மனையில் அரசர், அரசி முன் வணங்கி நின்ற இளம் பெண்களில் ரோஸ்மேரியும் ஒருத்தி.

போர் வந்தது. 1940-ல் அமெரிக்கா திரும்பிய ரோஸ்மேரியிடம் கோபமும் பிடிவாதமும் கூடின. 1941 நவம்பரில், 23 வயதான மகளுக்கு மூளையில் 'லோபாட்டமி' அறுவைச் சிகிச்சை செய்ய ஜோசப் ஏற்பாடு செய்தார். சிகிச்சை தோற்றது. மேஜையிலிருந்து எழுந்தவளால் சரியாக நடக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கணவர் தன்னைக் கேட்காமலே செய்துவிட்டார் என்று ரோஸ் பின்னாளில் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கனமானது. ரோஸ்மேரி விடுதிகளில் வைக்கப்பட்டாள். 1949-லிருந்து விஸ்கான்சின் மாநிலத்தில் கன்னியர் நடத்திய ஓர் இல்லத்தில் இருந்தாள். பிள்ளைகளுக்கு அம்மா சுற்றுக்கு விடும் குடும்பக் கடிதங்களில் அவள் பெயர் இல்லாமல் போனது. ஏறக்குறைய 20 வருடம் ரோஸ் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. தினமும் செபமாலை உருட்டிய ஒரு தாய், பெற்ற மகளை எப்படிப் பார்க்காமல் இருந்தார்? குற்ற உணர்வா, கணவரின் கட்டளையா, பார்த்தால் உடைந்துபோவோம் என்ற பயமா? இதற்கு விடையாக எந்த அட்டையிலும் எதுவும் எழுதப்படவில்லை.

கல்யாணத்துக்கு வராத அம்மா

அடுத்த மகள் கேத்லீன். கலகலப்பான பெண். லண்டனில் ஒரு பிரபுவின் மகனைக் காதலித்தாள். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க அந்தக் குடும்பம் சம்மதிக்கவில்லை. அன்றைய திருச்சபைச் சட்டப்படி, அப்படி ஒரு கல்யாணம் செய்துகொண்டால் மகளுக்குத் தேவநற்கருணை கிடையாது. ரோஸுக்கு அது மகளின் ஆத்துமமே பறிபோகிற விஷயம். கெஞ்சினார், மறுத்தார், எதுவும் நடக்கவில்லை.

1944 மே மாதம் லண்டனில், பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. கென்னடி வீட்டிலிருந்து போய் நின்றவர் மூத்த அண்ணன் ஜோசப் மட்டும்தான். ரோஸ் பாஸ்டனில் மருத்துவமனையில் படுத்துவிட்டார். மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 12 அன்று, வெடிமருந்து ஏற்றிய விமானத்தை ஓட்டிச் சென்ற அந்த அண்ணன் வானத்திலேயே வெடித்துச் சிதறினார். உடல்கூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் கேத்லீனின் கணவரும் போர்முனையில் சுடப்பட்டு இறந்தார்.

விதவையான கேத்லீன் இங்கிலாந்திலேயே தங்கினாள். சில வருடங்களில் இன்னொருவர் மேல் அன்பு வந்தது. அவரும் கத்தோலிக்கர் அல்ல, போதாததற்கு ஏற்கெனவே மணமானவர். இந்த முறை அம்மாவின் கோபம் இன்னும் கடுமையாக இருந்தது. 1948 மே 13 அன்று இருவரும் சென்ற சிறிய விமானம் பிரான்ஸில் மலைமேல் மோதியது. கேத்லீனுக்கு அப்போது 28 வயது. இங்கிலாந்தில் நடந்த அடக்கத்துக்கு அப்பா மட்டும் போனார். அம்மா போகவில்லை.

மதம் மாறி, சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளையின் முகத்தில் விழிக்காத அம்மாக்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். அவர்களும் தினமும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான், பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். என்றாவது சமாதானம் ஆகிவிடலாம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருக்கும். ரோஸுக்கும் கேத்லீனுக்கும் அந்த நாள் வரவே இல்லை.

பனியில் நடந்த பூசை

1952-ல் ஜான் செனட் தேர்தலில் நின்றபோது, மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்கப் பெண்களுக்காகத் தேநீர் விருந்துகள் நடந்தன. ரோஸ் மேடையில் அரசியல் பேசவில்லை. ஒன்பது பிள்ளைகளை வளர்த்த கதையையும் அந்த அட்டைப் பெட்டியையும் பற்றிப் பேசினார். 70,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் மகன் ஜெயித்தார். எட்டு வருடம் கழித்து அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதியும் ஆனார்.

பதவியேற்பு நாள், 1961 ஜனவரி 20. முந்தின இரவு வாஷிங்டனில் கடும் பனி. எழுபது வயது ரோஸ் விடியற்காலையில் கம்பளி உடையும் பனிக்காலணியுமாகத் தனியே கோயிலுக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் அதே கோயிலுக்கு ஜானும் வந்தார். யாரும் சொல்லாமல், தானாக. அந்தக் கோலத்தில் எல்லோர் முன்னும் போய் நிற்கக் கூச்சப்பட்டு, தள்ளி உட்கார்ந்தபடியே அம்மா மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டின் தலைவனாகப் போகிற நாளில் பிள்ளை முதலில் பூசைக்கு வந்திருக்கிறான் என்பது அவருக்கு அன்று முழுக்கப் போதுமானதாக இருந்தது.

மூன்று வருடம்கூட ஆகவில்லை. 1963 நவம்பர் 22, டல்லாஸ். பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்திருந்த கணவரிடம் அன்று இரவு யாராலும் விஷயத்தைச் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலையில் எட்வர்ட்தான் சொன்னார். ரோஸ் கடற்கரையில் நடந்தார், கோயிலுக்குப் போனார், மறுபடியும் நடந்தார். 1968 ஜூன் 6 அன்று ராபர்ட்டும் துப்பாக்கிக்குப் பலியானபோது ரோஸுக்கு 77 வயது. நியூயார்க் பேராலயத்தில் மகனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவரைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. எப்படித் தாங்கினார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: விசுவாசம்.

திரும்பி வந்த ரோஸ்மேரி

1961 டிசம்பரில் கணவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் ரோஸ் விஸ்கான்சினுக்குப் போகத் தொடங்கினார். பிற்பாடு ரோஸ்மேரியும் விமானம் ஏறி ஹயானிஸ் போர்ட் கடற்கரை வீட்டுக்கு வந்துபோனாள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே இழந்த இருபது வருடம் இருந்தது. அதை யாராலும் நிரப்ப முடியாது. ஆனால் வாய் திறந்து பேசத் தொடங்கினார் ரோஸ். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். 1974-ல் வெளியான தன் நினைவு நூலில் ரோஸ்மேரியின் கதையையும் எழுதினார்.

அம்மாவுக்கு முன்பே அந்த வேலையைக் கையில் எடுத்திருந்தவள் மகள் யூனிஸ். 1962-ல் ஒரு பிரபல பத்திரிகையில் தன் அக்காவைப் பற்றி வெளிப்படையாகக் கட்டுரை எழுதினாள். அதே கோடையில் சொந்த வீட்டுத் தோட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினாள். அது வளர்ந்து 1968 ஜூலை 20 அன்று சிகாகோவில் முதல் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்' ஆனது. தம்பி ராபர்ட்டை அடக்கம் செய்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இன்று இந்தியாவிலும் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்' என்ற பெயரில் அதன் அமைப்பு இயங்குகிறது. மகள் ஜீன் 1974-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான கலை அமைப்பைத் தொடங்கினாள். பேரன் ஆண்டனி 1989-ல் இவர்களுக்கு நண்பர்களைத் தேடித் தரும் 'பெஸ்ட் பட்டீஸ்' அமைப்பைத் தொடங்கினான். ஒரு காலத்தில் கடிதத்தில் பெயர்கூட எழுதப்படாத ஒரு மகள், இப்படி அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் வேலை கொடுத்தாள்.

பாட்டியின் வீடு

ஹயானிஸ் போர்ட்டில் கோடைக்காலம் வந்தால் பேரப்பிள்ளைகளின் கூச்சல்தான். பாட்டி குளிர்ந்த கடலில் நீந்துவார், தனியாக கோல்ஃப் ஆடுவார், நடந்தே பல மைல் போவார். 1984-ல் அவரையும் பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். 1995 ஜனவரி 22 அன்று, அந்தக் கடற்கரை வீட்டிலேயே நுரையீரல் காய்ச்சலில் அவர் கண் மூடியபோது, ஐந்து பிள்ளைகளும் 28 பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஜான் பிறந்த புரூக்லைன் வீட்டைக் குடும்பம் 1966-ல் திரும்ப வாங்கியது. அதைப் பழையபடி ஒழுங்குபடுத்தி நாட்டுக்குக் கொடுத்தவர் ரோஸ்தான். கொலையுண்ட மகனின் நினைவாக அவர் காட்ட விரும்பியது பதக்கங்களையும் பட்டங்களையும் அல்ல. குழந்தைகள் படுத்த தொட்டில், சின்னச் சாப்பாட்டு மேஜை, அவர்கள் தட்டு, கிண்ணம் எல்லாம் எங்கே இருந்தனவோ அங்கேயே வைத்தார். எந்த அறையில் என்ன நடந்தது என்று தன் குரலிலேயே பதிவும் செய்து கொடுத்தார்.

அடக்கத் திருப்பலி முடிந்து, புரூக்லைனில் உள்ள ஹோலிஹுட் கல்லறைத் தோட்டத்தில் கணவருக்குப் பக்கத்தில் ரோஸை வைத்தார்கள். ஜானும் ராபர்ட்டும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இருக்கிறார்கள். கேத்லீன் இங்கிலாந்தில், கணவர் வீட்டு ஊரில் இருக்கிறாள். மூத்த மகனுக்குக் கல்லறையே இல்லை.

பத்து வருடம் கழித்து, 2005 ஜனவரி 7 அன்று, 86 வயதில் ரோஸ்மேரி இறந்தாள். அவளை ஹோலிஹுட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்பது பிள்ளைகளில் இன்று அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.